பெற்றோரின் சமயத்தில் பிள்ளையை வளர்ப்பதா, அதிலேயே படிக்கவும் வைப்பதா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தால் காவிரிப் படுகையில் வாழும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஆளுக்கேற்ப அதன் உருவம் மட்டும் மாறுகிறது. குத்தாலம் பக்கத்துச் சைவக் குடும்பம் ஒன்று, வீட்டுக்கு அருகில் இருக்கும் நல்ல பள்ளி கன்னியாஸ்திரீகள் நடத்துவதாக இருப்பதால், அங்கே சேர்த்த பிறகு பிள்ளையின் வாயில் தேவாரம் நிற்குமா என்று கேட்கிறது. சிங்கப்பூரில் பல ஆண்டுகள் உழைத்துக் கூத்தாநல்லூருக்குத் திரும்பிய தந்தை ஒருவர், மகனை முழுநேர மதரசாவில் விட்டு, குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்த ஹாபிழ் ஆக்குவதா, மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு விடியற்காலையில் ஓத அனுப்பினால் போதுமா என்று கேட்கிறார். தஞ்சாவூரில் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்துகொண்ட தம்பதியர், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், விண்ணப்பப் படிவத்தில் சமயம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மன்னார்குடியில் மூன்று தலைமுறையாகக் கருப்புச் சட்டை போட்ட குடும்பத்து மருமகள், பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்று பிறந்த வீட்டில் சொல்வதை மறுப்பதா ஏற்பதா என்று கேட்கிறார்.

மயிலாடுதுறை வட்டாரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், ஒரு மகளை வளர்த்த தந்தை என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுவதுதான் நேர்மை. பெற்றோர் தாங்கள் உண்மையாக நம்பும் சமயத்தைப் பிள்ளைக்கு வீட்டில் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வகுப்பறையிலோ, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வேறு சமயத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். இது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன். பொருந்தாத குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு வேறு வழியே சிறந்தது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முதல் அளவுகோல், சமயம் பிள்ளையின் மனத்தில் அன்பாகத் தங்குகிறதா, அச்சமாகத் தங்குகிறதா என்பது. "சாமி கண்ணைக் குத்திடும்" என்று மிரட்டிச் சோறு ஊட்டப்பட்ட பிள்ளைக்கும், அந்தியில் விளக்கேற்றும்போது பாட்டியின் மடியருகே உட்கார்ந்து பாட்டுக் கேட்ட பிள்ளைக்கும் சான்றிதழில் எழுதப்படும் சமயம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் இருபது வயதில் ஒரே சமயத்தவராக இருப்பதில்லை. நரகம், பாவம், தீட்டு, தெய்வக் குற்றம் என்ற சொற்கள் எந்த வயதில், யார் வாயிலிருந்து, என்ன முகத்தோடு வந்தன என்பதைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை. தேர்வுக்கு முதல் நாள் ஒரு நேர்த்திக்கடன் தவறிவிட்டது என்பதற்காகவே கை நடுங்கி எழுத முடியாமல் போன பத்தாம் வகுப்பு மாணவியை நான் பார்த்திருக்கிறேன். அவள் படிப்பில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது, விலகிப் போகவும் திரும்பி வரவும் வழி இருக்கிறதா என்பது. பெரியபுராணம் சொல்லும் திருநாவுக்கரசர் வரலாற்றில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பெற்றோரை இழந்த இளைஞர் மருணீக்கியார் சமண சமயத்தைத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே உயர்ந்த நிலையில் இருந்தார். தமக்கை திலகவதியார் தம்பி திரும்ப வேண்டும் என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டு திருவதிகையில் தொண்டு செய்திருந்தாரே தவிர, உறவை அறுத்துக்கொள்ளவில்லை. சூலைநோயோடு தம்பி வந்து நின்ற இரவில் அவர் கொடுத்தது திருநீறு. பின்னாளில் காவிரி நாடெங்கும் பாடிச் சென்று, திருப்புகலூரில் நிறைவெய்திய அப்பர் பெருமானைத் தமிழுக்குத் தந்ததில் அந்தத் தமக்கையின் பொறுமைக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, பிற சமயத்தாரோடு பழகும் வாய்ப்பு. நான்காவது, மரபின் ஆழம்: தேவாரப் பண், வேத சுரம், குர்ஆனைத் தஜ்வீத் என்ற ஒலிப்பு விதிகளோடு ஓதும் உச்சரிப்பு ஆகியவை சிறுவயதில் நாக்கில் ஏறினால்தான் இயல்பாக நிற்கும், முப்பது வயதில் ஆசைப்பட்டுக் கற்பவர் எவ்வளவு உழைத்தாலும் அந்த எளிமை வருவது அரிது. ஐந்தாவது, படிப்பு, சான்றிதழ், பணம், நேரம். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை: வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளுக்குக் கிடைக்கப்போவது கல்வியா, தடைகளின் பட்டியலா? அண்ணனுக்கு மந்திரமும் தங்கைக்கு "அங்கே போகாதே, இதைத் தொடாதே" என்பதும் மட்டுமே கிடைக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சமயம் கற்பிக்கப்படுகிறது என்று சொல்ல முடியாது.

## சட்டம் தரும் எல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல் பல பெற்றோர் தேவையின்றி அஞ்சுகிறார்கள், வேறு பலர் தேவையின்றி விட்டுக்கொடுக்கிறார்கள். அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பிற பள்ளிகளில் சமய போதனை நடக்கலாம், ஆனால் அதிலும் அங்கே நடக்கும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை வயதுவராதவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. பல சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு என்ற அடிப்படையில், முன்னதற்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் அருணா ராய் வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, பிள்ளையின் சிந்தனை, மனச்சான்று, சமயச் சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது. அதே பிரிவு, பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையையும் கடமையையும் பெற்றோருக்கு அளிக்கிறது. "வளர்ந்துவரும் திறன்" என்ற அந்தச் சொற்கள்தான் நம் கேள்விக்கு மிக அருகில் நிற்பவை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் முடிவெடுப்பதும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதே வகையில் முடிவெடுப்பதும் ஒன்றாகிவிடாது.

## முதல் வழி: வீட்டிலும் பள்ளியிலும் அதே சமயம்

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதல் வகை, தம் சமயத்தார் நடத்தும் சாதாரணப் பள்ளி. அங்கே அரசுப் பாடத்திட்டமே நடக்கும். அதனோடு மறைக்கல்வியோ, திருமுறை வகுப்போ, தீனியாத் பாடமோ சேர்ந்திருக்கும். பிள்ளைக்கு வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்ற பிளவு இல்லை. ஜும்ஆ தொழுகைக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் முதன்முறையாகப் புது நன்மை வாங்கப்போகும் பிள்ளைக்கு அந்தத் தயாரிப்பு பள்ளியிலேயே நடந்துவிடும். இன்னொரு பெரிய நன்மையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முசுலிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில், அந்த ஊர்க்காரர்களே தொடங்கிய பெண்கள் பள்ளி இருப்பதால், எட்டாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அங்கிருந்து கல்லூரிக்கும் போனார்கள். வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்ற தகப்பன், நம் ஊர்ப் பள்ளி என்றதும் இசைந்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே, இவ்வழியை எவர் பொதுப்படையாகப் பழித்தாலும் நான் ஏற்க மாட்டேன்.

மறைந்திருக்கும் விலை, பிள்ளை பதினேழு வயது வரை மற்ற சமயத்தாரை நண்பராகப் பார்க்காமல் செய்தியாக மட்டுமே பார்த்து வளர்வது. கல்லூரி விடுதியில் முதல்முறையாக வேறு சமயத்தவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டபோது, "அவங்களும் நம்மள மாதிரிதான் சார் அம்மாவ நெனச்சு அழறாங்க" என்று என் பழைய மாணவன் ஒருவன் வியப்போடு சொன்னான். பதினெட்டு வயதில் வர வேண்டிய வியப்பு அதுவன்று. பணத்தைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு: கல்வி உரிமைச் சட்டத்தின்படி சுயநிதிப் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்கள் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது, ஆகவே ஏழைக் குடும்பங்கள் அந்த வழியில் அங்கே இடத்தை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் வகை, முழுநேரச் சமயக் கல்வி. தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களின் மரபில் வரும் தேவாரப் பயிற்சி, கும்பகோணத்து வேத பாடசாலைகள், நீடூர் போன்ற ஊர்களின் அரபிக் கல்லூரிகள், கத்தோலிக்கக் குருமடங்கள் ஆகியவை இல்லையென்றால் இந்தப் படுகையின் பாதிச் செல்வம் எப்போதோ அழிந்திருக்கும். அறுநூறு பக்கத்தை எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் வைத்திருக்கும் பதினான்கு வயதுச் சிறுவனை வியக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஆழம் என்ற அளவுகோலில் இதற்கு நிகர் வேறெதுவும் இல்லை.

ஆனால் என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகனை எட்டு வயதில் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்றில் சேர்த்தோம்; சேர்க்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆசிரியர்கள் நல்லவர்கள், சாப்பாடும் குறைவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து அவனுக்கு அதில் நாட்டமில்லை என்பது தெரிந்தபோது, கையில் எந்த வகுப்புக்கும் சான்றிதழ் இல்லை. எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வேண்டியிருந்தது. கணக்கில் பின்னமே தெரியாத பையன், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு டியூஷனில் உட்கார்ந்து அழுதான். மதரசாக்களும் வேத பாடசாலைகளும் கல்வி உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டா என்று 2012இல் செய்யப்பட்ட திருத்தம் தெளிவாக்கிவிட்டதால், அங்கே கணக்கும் அறிவியலும் நடக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோருடையது. நாங்கள் பார்க்கவில்லை. ஓதுதலோடு பள்ளித் தேர்வுக்கும் தயார் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன்பு அதைக் கேட்டு, கடந்த ஆண்டு தேர்வு எழுதியவர்களின் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாம் வகை யாருக்குச் சிறந்தது? பிள்ளையே விரும்பிக் கேட்டு, குரலும் நினைவாற்றலும் இருந்து, குடும்பத்தில் அந்தத் தொழிலோ தொண்டோ தொடர்ந்து வரும் வீடுகளுக்கு. ஓதுவார் பணியில் இப்போது பெண்களும் அறநிலையத் துறைக் கோயில்களில் நியமிக்கப்பட்டிருப்பதால், நன்றாகப் பாடும் பெண் பிள்ளையின் பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்கலாம். வறுமையால் ஒரு வாயைக் குறைக்க வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அதற்கு அரசின் மாணவர் விடுதிகள் இருக்கின்றன.

## இரண்டாம் வழி: வீட்டில் சமயம், பள்ளி பொது

நான் பரிந்துரைப்பது இது. ஏழாம் வகுப்பில் என் முதல் வரிசையில் உட்கார்ந்த ஒரு பையன் இதற்கு என் மனத்தில் நிற்கும் உருவம். சுப்ஹு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஓதிவிட்டு, அங்கிருந்து நேராக வருவான். வெள்ளைத் தொப்பியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பான். முதல் பாடவேளை தொடங்கிய பிறகும் உதடு அசைந்துகொண்டிருக்கும். திருக்குறளில் பத்துக் குறளை மனப்பாடம் செய்யச் சொன்னால் வகுப்பில் முதலில் ஒப்பிப்பவன் அவன்தான். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை கழுத்தில் மாலையோடு ஐயப்பனுக்கு விரதம் இருந்த மாதத்தில், இவன் அவனைத் தொட்டுப் பேசும்போதெல்லாம் "சாமி" என்று அழைத்தான். அவர்களுக்கு நல்லிணக்கம் என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை.

பாடநூலும் இதற்குத் துணை செய்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களில் கம்பனும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் அடுத்தடுத்து வருவதால், எந்தச் சமயத்துப் பிள்ளையும் மற்ற இரண்டு சமயங்களின் நல்ல தமிழை வாய்விட்டுப் படித்தே தேர்வெழுத வேண்டியிருக்கிறது. இதன் பயன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கும்பகோணமே சான்று. வைதிகக் குடும்பத்தில் பிறந்து, சைவ மடத்தின் நிழலில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், சீவக சிந்தாமணியைப் புரிந்துகொள்ள அந்த ஊர்ச் சமணர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களிடம் அவர்கள் சமயத்தைக் கேட்டுக் கற்றார். 1887இல் நூலைப் பதிப்பித்தார். தன் மரபில் ஊன்றி நின்றவருக்கு அடுத்தவர் மரபின் மாணவராக உட்காருவதில் தாழ்வு தோன்றவில்லை.

மறைந்திருக்கும் விலைகள் இங்கும் உண்டு, முதலாவது நேரம். காலை ஓதல், பள்ளி, மாலை டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி என்று பிள்ளையின் நாள் நிரம்பிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது சமய வகுப்புதான். ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் கற்பிக்க வேண்டியதைக் கற்பித்துவிட வேண்டும். இரண்டாவது, இது பெற்றோரின் உழைப்பைக் கேட்கிறது. பள்ளி கற்பிக்காது என்றால் வீடு கற்பிக்க வேண்டும். வீடு என்றால் நடைமுறையில் அம்மாவும் பாட்டியும் என்று ஆகிவிடுகிறது. தந்தைக்கே நான்கு பாட்டுத் தெரியாத வீட்டில் பிள்ளைக்குச் சமயம் என்பது திருவிழாவும் தின்பண்டமுமாகச் சுருங்கிவிடும். குறிப்பாக இந்துக் குடும்பங்களில், ஞாயிறு பள்ளியைப் போலவோ மதரசாவைப் போலவோ ஊர்தோறும் ஒழுங்கான அமைப்பு இல்லாததால், "தானாக வந்துவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வருவது பெரும்பாலும் சாதி மட்டுமே: கோயிலில் யார் எங்கே நிற்பது, தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்பவற்றைப் பிள்ளை யாரும் சொல்லாமலே பார்த்துக் கற்றுக்கொள்கிறது. தேவாலயங்களிலும் இந்தப் பாடம் நடந்த ஊர்கள் உண்டு. சமயத்தை அன்போடு கற்பிக்காத வீட்டில் சமயத்தின் இடத்தைச் சாதி எடுத்துக்கொள்கிறது என்பதை ஆசிரியராக நான் வேதனையோடு சொல்கிறேன்.

மூன்றாவது விலை, பிள்ளை கேள்வி கேட்கும் நாள். என் மகளுக்குத் திருவெம்பாவையை நான்தான் கற்றுக்கொடுத்தேன். பதின்மூன்று வயதில் ஒரு மார்கழிக் காலையில், நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்று, "இன்னிக்கு நான் விபூதி வெச்சுக்கலப்பா. ஏன்னு கேக்காதீங்க" என்றாள். கேட்க நினைத்த பத்துக் கேள்விகளை விழுங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகச் சொன்னேன். அவளோடு படித்த கிறித்தவத் தோழியும் முசுலிம் தோழியும் வேறு வேறு வகையில் கும்பிடுவதைப் பார்த்ததால் வந்த கேள்வி அது என்று பல மாதங்கள் கழித்து அவளே சொன்னாள். பொதுப் பள்ளிக்கு அனுப்பினால் இந்தக் கேள்வி வரும். அதற்கு இடங்கொடுக்கத் தெரியாத பெற்றோர் இவ்வழியைத் தேர்ந்தால் பிள்ளை வீட்டில் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

## மூன்றாம் வழி: வேறு சமயத்தார் நடத்தும் பள்ளி

நம் பகுதியில் இது மிகப் பழைய வழி. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறித்தவச் சமயத் தொண்டர் சீகன்பால்கு தமிழிலேயே பள்ளிகளைத் தொடங்கிய காலம் முதல், இந்துப் பிள்ளைகள் கிறித்தவப் பள்ளிகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரிய மாணவர் இரண்டாம் சரபோஜி மன்னர். இளமையில் அவருக்குக் காவலாகவும் ஆசானாகவும் இருந்தவர் லூத்தரன் சமயத் தொண்டர் சுவார்ட்ஸ். சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். சிவ பக்தராகவே வாழ்ந்தார், பெரிய கோயிலைப் பேணினார். அதே மன்னர், மறைந்த தம் ஆசானுக்காகத் தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் பளிங்குச் சிற்பம் ஒன்றை வைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் அருகே மன்னர் நிற்பதாக அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. தஞ்சைக்கு வரும் பெற்றோர் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு அந்தச் சிற்பத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இந்த வழி வேலை செய்வதற்குப் படுகையின் பழக்கவழக்கமும் ஒரு காரணம். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு நாகூரான் என்று பெயரிட்ட இந்துக் குடும்பங்கள் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் மொட்டையடித்துக்கொள்பவர்களில் எத்தனை சமயத்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. அடுத்தவர் வழிபாட்டிடம் இங்கே அச்சத்துக்குரிய இடமாக இருந்ததில்லை.

விலையைப் பார்ப்போம். பிள்ளை அங்கே விருந்தாளியாகவே உணரக்கூடும். பள்ளியை நடத்துவோரின் சமயத்துப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரிப்பது ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் சில பள்ளிகளில் பூவுக்கும் மருதாணிக்கும் பொட்டுக்கும் விதிக்கப்படும் தடைகள், "உன் வீட்டுப் பழக்கம் இங்கே அழுக்கு" என்ற செய்தியை எட்டு வயதுப் பெண்ணுக்குச் சொல்லிவிடுகின்றன. வேறு சமயப் பிள்ளையை மந்திரம் சொல்லச் செய்யும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே காயப்படுவது கிறித்தவப் பிள்ளையும் முசுலிம் பிள்ளையும். இரண்டு பக்கமும் 28ஆம் பிரிவு பெற்றோருக்குத் துணை நிற்கிறது. கேட்கும் துணிவு வேண்டும், கேட்ட பிறகு பிள்ளைமேல் அது விடியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஊன்றிய மரபு இருந்து, பள்ளியின் பாடமும் ஒழுங்கும் உண்மையிலேயே சிறந்ததாக இருந்தால் இவ்வழி நல்லது. வீட்டில் ஒன்றும் இல்லாமல் பள்ளியில் மட்டும் ஒன்று இருந்தால், பிள்ளை பள்ளியின் சமயத்தையே தன் சமயமாக ஏற்கலாம். அதைப் பிறகு பள்ளியின் குற்றமாகச் சொல்வது நியாயமாகாது.

## நான்காம் வழி: சமயம் இல்லாமல் வளர்ப்பது

சுயமரியாதை இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஆழமாக வேரூன்றிய மண்ணில் இது புதிய யோசனையன்று. பெற்றோர் உண்மையில் நம்பாதபோது, ஊருக்காகப் பிள்ளையைக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ இழுத்துக்கொண்டு போவது, பெரியவர்கள் நடிப்பவர்கள் என்பதையே பிள்ளைக்குக் கற்பிக்கும். அவர்களுக்கு இந்த வழியே நேர்மையானது. அச்சமின்மை என்ற முதல் அளவுகோலில் இது எளிதாகத் தேறுகிறது. பெண் பிள்ளைக்குத் தடைகளும் குறைவு.

சான்றிதழ் விவரத்தில் கவனம் வேண்டும். பள்ளிச் சேர்க்கையில் சாதி, சமயம் குறிப்பிட விரும்பாதவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு இல்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதியினர் என்ற தகுதி உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பிற்படுத்தப்பட்ட முசுலிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியாக உள்ளது. ஆகவே படிவத்தில் சமயம் என்ற ஒரு சொல், ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கக்கூடும். கொள்கைக்காகப் பெற்றோர் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு முன் பலமுறை எண்ண வேண்டும்.

இன்னொரு விலை, தமிழின் பெரும்பகுதி பிள்ளைக்கு மூடிப்போவது. திருவாரூர்த் தேரைப் பார்த்து இது என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு "மூடநம்பிக்கை" என்ற ஒரே சொல்லை விடையாகக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கேள்வி கேட்பதையே நிறுத்திவிடும். பகுத்தறிவையும் அச்சுறுத்தித் திணிக்க முடியும் என்பதை நம்பாத பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் கூட்டிக்கொண்டு போய், மக்கள் ஏன் அங்கே அழுகிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். காது குத்துவதைப் பற்றிக் கேட்ட மன்னார்குடி மருமகளுக்கு, பிள்ளையே கேட்கும் வயது வரை காத்திருக்கலாம் என்று சொன்னேன்.

இரு சமயப் பெற்றோருக்கு ஒன்று மட்டும். இரண்டையும் சம அளவில் ஊட்டுகிறோம் என்பவர்களில் பெரும்பாலோர் ஈராண்டில் களைத்துவிடுகிறார்கள். யாருக்குத் தம் மரபு ஆழமாகத் தெரியுமோ அவர் கற்பிக்கட்டும். மற்றவர் தம் மரபின் பண்டிகைகளையும் உறவினர்களையும் பிள்ளைக்கு விட்டுப்போகாமல் காக்கட்டும். இந்த உடன்பாட்டைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | வீடும் பள்ளியும் ஒரே சமயம் | வீட்டில் சமயம், பொதுப்பள்ளி | வேறு சமயத்தார் பள்ளி | சமயமின்றி |
|---|---|---|---|---|
| அன்பா, அச்சமா | ஆசிரியரைப் பொறுத்தது | பெற்றோரைப் பொறுத்தது | இரண்டு இடமும் ஒத்துப்போக வேண்டும் | அச்சம் குறைவு |
| விலகவும் திரும்பவும் வழி | குறுகலானது | கேள்விக்கு இடம் உண்டு | உண்டு, குழப்பமும் உண்டு | உண்டு. திரும்ப வழிகாட்டி வேண்டும் |
| பிற சமயத்தாரோடு பழகுதல் | மிகக் குறைவு | நிறைய | நிறைய | பள்ளியைப் பொறுத்தது |
| மரபின் ஆழம் | முழுநேரக் கல்வியில் மிக அதிகம் | வீட்டின் உழைப்பளவு | வீட்டின் உழைப்பளவு | தனியாகத் தேட வேண்டும் |
| மறைந்த விலை | முழுநேரக் கல்வியில் சான்றிதழ் இழப்பு | நேரம், அம்மாவின் உழைப்பு | விருந்தாளி உணர்வு | இடஒதுக்கீடு, பண்பாட்டு இடைவெளி |

## விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்

கூத்தாநல்லூர்த் தந்தைக்கு நான் சொன்னது, மகன் விடியற்காலையில் ஈராண்டு ஓதட்டும், ஹாபிழ் ஆகும் ஆசையும் திறனும் அவனுக்கே இருக்கிறதா என்று ஓதிக்கொடுக்கும் ஹஸரத்தும் சொல்லட்டும், பிறகு பள்ளித் தேர்வுக்கும் அனுப்பும் மதரசாவாகப் பார்க்கலாம் என்பது. குத்தாலத்துத் தாய்க்கு, நாள்தோறும் இரவு ஒரு பதிகம் பாடும் வீட்டுப் பிள்ளையைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கு அச்சமின்றி அனுப்பலாம் என்று சொன்னேன். பாடாத வீடென்றால் அரசுப் பள்ளிக்கு அனுப்பினாலும் தேவாரம் நிற்கப்போவதில்லை.

எந்தப் பள்ளியானாலும், தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என்ன பாடப்படுகிறது? எங்கள் பண்டிகை நாளில் பிள்ளைக்குத் தேர்வு வைப்பீர்களா? என் பிள்ளை ஒருநாள் கைகூப்பாமல் நின்றால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்வியைத் தாயும் தந்தையும், பிள்ளை தூங்கிய பிறகு, தங்களுக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டும். இருவர் விடையும் ஒன்றாக இல்லையென்றால் படிவத்தை அன்று நிரப்பாமல் இன்னும் சில இரவுகள் பேசிவிட்டு நிரப்பலாம்.